வரைபடம் எந்த ஆண்டில் தொடங்குகிறது? இலங்கையும் தென்கொரியாவும் பெற்ற உதவியை ஒப்பிட்ட ஒரு கைந்நூல்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதி. எரிபொருள் வரிசைகள் மறைந்திருந்தன. விலைகள் இறங்கவில்லை. இலங்கையின் வடக்கில் க.பொ.த. உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து மாணவர்களுக்கு ஒரு துணைக் கைந்நூல் தயாரித்துக்கொண்டிருந்தோம். அதில் எட்டுப் பக்கங்கள் வெளிநாட்டு உதவி பற்றியவை. அந்தப் பகுதிக்கு நான்கு பேர் பொறுப்பு: தொகுப்பாளராக நான், புள்ளிவிவரத்தில் தேர்ச்சி பெற்ற இளம் உதவி விரிவுரையாளர் ஒருவர், திட்டமிடல் துறையில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், பக்க வடிவமைப்பைப் பார்த்துக்கொண்ட ஆசிரியை ஒருவர்.

இரண்டு நாடுகளை ஒப்பிட வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான். தென்கொரியாவைத் தெரிவு செய்ததற்குக் காரணம் வகுப்பறையிலேயே இருந்தது. “அறுபதுகளில் கொரியா எங்களுக்குப் பின்னால் நின்ற நாடு” என்ற வசனத்தைக் கேட்காமல் இலங்கையில் ஒரு பிள்ளை வளர்வதில்லை. அதே பிள்ளையின் அண்ணன் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். 2004இல் கொரியா வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான அனுமதி முறையைத் தொடங்கியபோது ஆள் அனுப்பிய முதல் நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஒரு காலத்தில் எங்களைப் போலவே கைநீட்டி நின்ற நாட்டுக்கு இன்று எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். ஏன் இப்படி என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகளாக வகுப்பில் நான் திருப்தியான பதில் சொன்னதில்லை.

முதல் வரைபடம்

உதவி விரிவுரையாளர் இரண்டு வாரங்களில் வரைபடத்தைத் தந்தார். உலக வங்கியின் திறந்த தரவுத்தளத்திலிருந்து இரு நாடுகளும் பெற்ற ‘உத்தியோகபூர்வ அபிவிருத்தி உதவி’யின், அதாவது அரசுகளும் சர்வதேச அமைப்புகளும் அபிவிருத்திக்காகத் தரும் நன்கொடைகள், சலுகைக் கடன்களின் தேறிய தொகை எடுக்கப்பட்டிருந்தது. ஆண்டுகள் 1960 முதல் 2020 வரை, அலகு நடைமுறை விலை அமெரிக்க டொலர், அதாவது அந்தந்த ஆண்டின் டொலர். இலங்கைக்கு நீலம், கொரியாவுக்குச் சிவப்பு.

பார்த்தவுடன் புரிகிற படம் அது. சிவப்புக் கோடு இடது ஓரத்தில் ஒரு சிறு மேடாக எழுந்து, எழுபதுகளைத் தாண்டி மெல்லத் தாழ்ந்து, தொண்ணூறுகளின் பல ஆண்டுகளில் பூச்சியத்துக்குக் கீழேயே போனது. நீலக் கோடு 1977க்குப் பின் மலையேறியது. எண்பதுகளில் உயரத்தில் நின்று, பின் இறங்கி, 2005இல் ஒரு பில்லியன் டொலரைத் தாண்டிய ஒரு கூர்முனையைக் காட்டியது. வரைபடத்தின் கீழே நான் என் கையால் எழுதிய வாக்கியம் இது: “தென்கொரியா சிறிதளவு உதவியைப் பெற்றுப் பெரிதும் வளர்ந்தது, இலங்கை பெருமளவு உதவியைப் பெற்றும் வளரவில்லை.”

அந்த வாக்கியத்தில் எனக்கு அன்று ஒரு சந்தேகமும் எழவில்லை. நாட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததையே அது சொன்னது. அதனால் சரியாக இருக்கும் என்று எண்ணினேன்.

கைந்நூலை முழுமையாக அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பாடசாலையில் அந்த எட்டுப் பக்கங்களையும் பரீட்சார்த்தமாகப் படிக்கக் கொடுத்தோம். கற்பித்த ஆசிரியர் மாணவர்களின் விடைத்தாள்களை எனக்கு அனுப்பினார். ஏறத்தாழ எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். உதவி கிடைத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். “நாங்கள் வாங்கித் தின்று பழகியவர்கள்” என்று இன்னொருவர். போர் முடிந்தபோது சிறு குழந்தையாக இருந்து, நிவாரண அட்டையைப் பெற்றோரின் கதைகளில் மட்டும் கேட்ட பதினேழு வயதுப் பிள்ளை தன் மக்களைப் பற்றி எழுதியது அது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அந்தச் சொற்களை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தது என் வாக்கியம்.

கவனித்தவை

விடைத்தாள்கள் வந்த பின் நாங்கள் கூடிப் பேசினோம். ஓய்வுபெற்ற அதிகாரி அந்தக் கூட்டத்துக்கு ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். பையில் மத்திய வங்கியின் பழைய ஆண்டறிக்கைகள் சில. தாள் பழுப்பேறி, ஓரங்கள் தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தன. வரைபடத்தைச் சிறிது நேரம் பார்த்தார்.

“பிள்ளை, 1960இல் ஒரு டொலருக்கு எத்தனை ரூபா?” என்று உதவி விரிவுரையாளரிடம் கேட்டார்.

அவர் கணினியில் தேடத் தொடங்கினார். அதிகாரி காத்திருக்காமல் தானே சொன்னார்: “நாலு ரூபா எழுபத்தாறு சதம். அந்த டொலரும் இந்த டொலரும் ஒரே காசா?”

முதல் ஓட்டை அங்கேதான் திறந்தது. ரூபாவின் வீழ்ச்சி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். டொலரும் தன் பெறுமதியை இழந்துகொண்டே வந்திருக்கிறது என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். அமெரிக்க நுகர்வோர் விலைகளின்படி, 1960இல் ஒரு டொலருக்கு வாங்கியதை 2020இல் வாங்க எட்டு டொலருக்கு மேல் வேண்டும். கொரியாவின் பெருந்தொகைகள் அனைத்தும் படத்தின் இடது பக்கத்தில், அதாவது டொலர் கனமாக இருந்த காலத்தில் இருந்தன. இலங்கையின் பெருந்தொகைகள் டொலர் மெலிந்த காலத்தவை. நடைமுறை விலையில் வரைந்ததால் கொரியாவின் மலை மேடாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது, தலைகளின் எண்ணிக்கை. 1960இல் தென்கொரியாவில் ஏறத்தாழ 25 மில்லியன் மக்கள், இலங்கையில் ஏறத்தாழ 10 மில்லியன். பெரிய நாட்டையும் சிறிய நாட்டையும் மொத்தத் தொகையில் மட்டும் ஒப்பிட்டால் ஒரு குடும்பத்துக்கு என்ன வந்தது என்பது தெரியாது.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. அதிகாரி விரலை வரைபடத்தின் இடது ஓரத்தில், 1960 என்று எழுதியிருந்த இடத்துக்கும் முன்னால், வெறும் வெள்ளைத் தாளில் வைத்தார். “இதற்கு முன்னால் கொரியாவுக்கு ஒன்றும் வரவில்லையா?”

உதவி விரிவுரையாளர் பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. தரவுத்தளம் 1960இல் தொடங்குவதற்குக் காரணம் எளியது. செல்வந்த நாடுகள் தங்கள் உதவியை ஒரு பொது மேசையில் வைத்துக் கணக்கிடத் தொடங்கியதே 1960-61இல்தான். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் அபிவிருத்தி உதவிக் குழு அப்போதுதான் உருவானது. ‘உத்தியோகபூர்வ அபிவிருத்தி உதவி’ என்ற வரைவிலக்கணமோ 1969இல் வகுக்கப்பட்டு, 1972இல் இறுக்கப்பட்டது. கணக்குப் புத்தகம் திறந்த நாளை உதவி தொடங்கிய நாளாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கொரியாவுக்கு உதவி குவிந்தது அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளில். 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்ததும் அமெரிக்க இராணுவ நிர்வாகத்தின் கீழ் நிவாரணப் பொருள்கள் வந்தன. 1950இல் போர் வெடித்தது. அந்த டிசம்பரிலேயே ஐ.நா. தனியாக ஒரு கொரியப் புனரமைப்பு முகவரகத்தை அமைத்தது. 1953இல் சண்டை நின்ற பின் அமெரிக்கப் பணமும் கோதுமையும் பருத்தியும் உரமும் கப்பல் கப்பலாக வந்தன. கொரியாவின் மத்திய வங்கி பதிவு செய்த கணக்கின்படி 1957இல் மட்டும் 383 மில்லியன் டொலர். 1953 முதல் 1961 வரையான ஒன்பது ஆண்டுகளில் 2.2 பில்லியன் டொலருக்கு மேல். அந்த ஆண்டுகளில் நாட்டின் இறக்குமதியில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குப் பணம் கொடுத்தது உதவியே என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இந்த உச்சி முழுவதும் எங்கள் வரைபடத்துக்கு வெளியே இருந்தது. நாங்கள் சிறு மேடு என்று காட்டியது மலையிலிருந்து இறங்கும் பாதையின் கடைசிப் பகுதி.

அன்றிரவு நான் கையாலேயே ஒரு கணக்குப் போட்டேன். 1957இல் கொரியாவின் சனத்தொகையை 23 மில்லியன் என்று கொண்டால் தலைக்கு 16 டொலருக்கு மேல் வருகிறது. அமெரிக்க நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைக் கொண்டு அதை 2005ஆம் ஆண்டு விலைக்கு மாற்றினால் நூறு டொலரைத் தாண்டுகிறது. சுனாமிக்கு அடுத்த ஆண்டான 2005, இலங்கைக்கு உதவி மிக உயர்ந்து நின்ற ஆண்டுகளில் ஒன்று. அந்த ஆண்டில் இலங்கையர் ஒருவருக்கு வந்தது ஏறத்தாழ 60 டொலர். பருமட்டான கணக்குத்தான். வேறு சுட்டெண்ணை எடுத்தால் எண்கள் சற்று மாறும். ஆனாலும் இருமடங்குக்குக் கிட்டிய வித்தியாசம் மறைந்துவிடாது. “பெருமளவு உதவி பெற்ற இலங்கை, சிறிதளவு பெற்ற கொரியா” என்ற என் வாக்கியம் தலைகீழாக நின்றது.

கணக்குக்குள் வராதவை

பிழையைக் கண்டபின் நாங்கள் எதையும் நம்பாத மனநிலைக்கு வந்துவிட்டோம். அது நல்லதாயிற்று. அடுத்த நான்கு வாரங்களில், அந்தத் தரவுத்தளத்துக்குள் எது வரும், எது வராது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

இராணுவ உதவி வராது. கொரியாவைப் பொறுத்தவரை இது பெரிய விடுபடல். அமெரிக்கா கொடுத்த ஆயுதங்களும், அந்த மண்ணில் நிறுத்திய படைகளும், கொரிய அரசு தன் வரவு செலவுத்திட்டத்திலிருந்து செலவழிக்க வேண்டியிருந்த பெருந்தொகையை மிச்சப்படுத்தின. அறுபதுகளின் நடுப்பகுதியில் வியட்நாமுக்குக் கொரியா படை அனுப்பியதற்கு ஈடாகக் கிடைத்த கொடுப்பனவுகளும் ஒப்பந்தங்களும் அபிவிருத்தி உதவிக் கணக்கில் இல்லை.

சோவியத் ஒன்றியமும் சீனாவும் தந்தவை வராது. இங்கே விடுபட்டது இலங்கையின் பக்கம். ஒருவலை உருக்குத் தொழிற்சாலையும் களனி டயர்த் தொழிற்சாலையும் சோவியத் உதவியில் எழுந்தவை. கொழும்பில் 1973இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் சீனாவின் நன்கொடை. எங்கள் வரைபடத்தில் இவற்றுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 2022இல் இந்தியா கைகொடுத்த கடன் வசதிகளும் அந்தத் தரவுத்தளத்துக்குள் வராதவையே.

தனியார் கொடை வராது. 2004 டிசம்பர் 26இல் 30,000க்கும் அதிகமானோரைக் கடல் கொண்டுபோன பிறகு, உலகெங்கும் சாதாரண மக்கள் உண்டியலில் போட்ட காசு அரச கணக்கில் சேராது. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பியதும் சேராது. 2005இன் கூர்முனை உயரமாகத் தெரிந்தாலும் உண்மையில் வந்ததைவிடக் குட்டையானது.

இன்னொரு சிக்கல் பெயரிடலில் இருந்தது. 1965இல் ஜப்பானும் தென்கொரியாவும் உறவைச் சீர்செய்தபோது 300 மில்லியன் டொலர் நன்கொடையும் 200 மில்லியன் டொலர் சலுகைக் கடனும் உடன்பாடாயின. பொஹாங் உருக்காலை அந்தப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு கட்டப்பட்டது. ஜப்பான் அதைப் பொருளாதார ஒத்துழைப்பு என்றது. கொரியர்களுக்கோ அது முப்பத்தைந்து ஆண்டு அடிமை வாழ்வுக்காகக் கேட்டு வாங்கிய பணம். உதவி என்ற பத்தியில் அதைப் போட எங்களுக்கு என்ன உரிமை என்று ஆசிரியை கேட்டார். அந்தக் கேள்வி மேசையில் நெடுநேரம் கிடந்தது.

தேறிய தொகை என்ற சொல்லும் விளக்கத்தை வேண்டியது. அவ்வாண்டு வந்த பணத்திலிருந்து, பழைய சலுகைக் கடன்களுக்குத் திருப்பிக் கட்டிய முதலைக் கழித்தால் வருவது அது. தொண்ணூறுகளில் கொரியாவின் கோடு பூச்சியத்துக்குக் கீழே போனதற்குக் காரணம் கடன் திருப்பிச் செலுத்தலே. மாணவர் ஒருவர் அதைக் “கொரியா உதவி கொடுக்கத் தொடங்கிய ஆண்டுகள்” என்று எழுதியிருந்தார். கொரியா அதற்கு முன்பே உதவி கொடுக்கத் தொடங்கியிருந்தது. 1987இலேயே அதற்கென நிதியம் அமைத்தது. ஆனால் அந்தக் கீழ்க்கோடு சொல்வது வேறு கதை. இலங்கைக்கு வந்ததிலும் பெரும்பகுதி கடன். உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவு தருகிற கடனுக்குப் பத்தாண்டு தவணை விலக்கு இருந்தது. எண்பதுகளில் வாங்கியதைத் தொண்ணூறுகளில் கட்டத் தொடங்க வேண்டும். ஆகவே புதிய பணம் வந்துகொண்டிருந்தாலும் தேறிய தொகை தாழும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அச்சை நிறுத்துவது. அட்டையும் வரைபடப் பக்கமும் ஏற்கெனவே அச்சகத்தில் இருந்தன. அவற்றுக்குக் காசும் கொடுத்தாயிற்று. காகித விலை ஏறியிருந்த காலம். வரைபடத்தை அப்படியே விட்டு, அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்கள், அடிக்குறிப்பைப் படிக்க மாட்டார்கள். விடைத்தாள்கள் அதைத் தெளிவாகக் காட்டியிருந்தன.

இரண்டாவது, அலகு. நிலையான விலை டொலரில், அதாவது விலையேற்றத்தை நீக்கிய டொலரில், தலைக்கு எவ்வளவு என்று வரைய முடிவு செய்தோம். உதவி விரிவுரையாளர் மொத்தத் தேசிய வருமானத்தின் சதவீதமாகக் காட்ட விரும்பினார். அது நியாயமான விருப்பம். ஒரு நாடு உதவியில் எவ்வளவு தங்கியிருந்தது என்பதை அதுவே சொல்லும். ஆனால் ஐம்பதுகளில் கொரிய நாணயத்தின் உத்தியோகபூர்வ மாற்றுவீதம் உண்மைப் பெறுமதியைவிட உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. இலங்கையிலும் 1968 முதல் 1977 வரை வெளிநாட்டுச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறையால் ஒரே டொலருக்கு இரண்டு விலை இருந்தது. எந்த வீதத்தில் வருமானத்தை டொலராக மாற்றுவது என்ற கேள்விக்கு எங்களிடம் உறுதியான விடை இல்லை. சதவீதத்தை ஒரு பெட்டியில் விளக்கமாக மட்டும் வைத்தோம்.

மூன்றாவது முடிவில் அதிகாரிக்கும் உதவி விரிவுரையாளருக்கும் கடுமையான வாக்குவாதம் நடந்தது. 1953–1959 காலத்துக் கொரியத் தொகைகளை 1960க்குப் பிந்திய கோட்டோடு இணைத்து ஒரே கோடாக வரைய வேண்டும் என்றார் அதிகாரி. பிள்ளைகளின் கண்ணுக்கு மலை தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டும் வெவ்வேறு வரைவிலக்கணப்படி எண்ணப்பட்டவை என்றார் விரிவுரையாளர். முன்னது பெற்ற நாட்டின் பதிவு, பின்னது கொடுத்த நாடுகளின் அறிக்கை. இணைத்தால் முதல் தடவை செய்த அதே தவறை மறுபக்கமாகச் செய்தவர்களாவோம் என்றார். அவர் சொன்னதே சரி. ஐம்பதுகளை நிரப்பாத பட்டைகளாகவும், 1960 முதல் கோடாகவும் வரைந்து, நடுவில் ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டு, “இங்கிருந்துதான் பொதுக் கணக்கு தொடங்குகிறது” என்று எழுதினோம். அதிகாரி கடைசியில் சம்மதித்தார், மனமில்லாமல்.

1965இன் ஜப்பானியப் பணத்தை நீக்கவில்லை. தரவுத்தளத்தில் இருக்கிறபடியே வைத்து, இரு தரப்பும் அதை எப்படி அழைத்தன என்பதைப் பாடத்திலேயே ஒரு பந்தியாக எழுதினோம்.

நான்காவது முடிவு வாக்கியத்தைப் பற்றியது. பிழை தெரிந்ததும் எங்களுக்குள் ஓர் உற்சாகம் எழுந்தது. “கொரியா உதவியால் வளர்ந்தது” என்று எழுதிவிடலாம் என்றார் விரிவுரையாளர். அதையும் நிறுத்தினோம். உதவி மிகக் குவிந்த ஐம்பதுகளில் கொரியாவின் வளர்ச்சி சாதாரணமானது. அது வேகமெடுத்தது அறுபதுகளில், அமெரிக்க நன்கொடை குறையத் தொடங்கி, ஏற்றுமதியைத் தூண்டும் கொள்கைகள் வந்த பிறகு. அதற்கு முன்பே நிலச் சீர்திருத்தம் நடந்திருந்தது, பாடசாலைகள் பெருகியிருந்தன. உதவி இந்தக் கதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பொருளியலாளர்களே இன்னும் வாதிடுகிறார்கள். எனவே வரைபடத்தின் கீழ் காரணம் எதையும் எழுதவில்லை. எப்போது, தலைக்கு எவ்வளவு, எந்த வடிவில் வந்தது என்பதை மட்டும் எழுதினோம்.

இலங்கையின் கோட்டில் வளைவுகள் உள்ள இடங்களுக்கு விளக்கம் சேர்த்தோம். எண்ணெய் நிறுவனங்களை நட்டஈடு கொடுக்காமல் அரசுடைமையாக்கியதற்காக 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஆட்சி மாறிய 1965இல் திரும்பத் தந்தது. 1977க்குப் பின் வந்த ஏற்றம் பெரும்பாலும் மகாவலி ஆற்று அணைத் திட்டங்களுக்கானது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா, கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலைக்கு அன்றைய மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய கொடையாளர் மாநாட்டில் 4.5 பில்லியன் டொலர் தருவதாக வாக்களிக்கப்பட்டது. வாக்களித்ததும் வந்து சேர்ந்ததும் வேறு வேறு என்பதைக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியாக, 2007இல் முதன்முதலாக 500 மில்லியன் டொலருக்குச் சர்வதேசப் பிணைமுறி (வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் சந்தை வட்டிக்குக் கடன் வாங்கும் பத்திரம்) விற்றதோடு தொடங்கிய வணிகக் கடன் உதவிக் கணக்கில் சேராது என்று தடித்த எழுத்தில் போட்டோம். 2022 ஏப்ரலில் நாடு கட்ட முடியாமல் நின்ற வெளிநாட்டுக் கடன்களில் இந்தப் பிணைமுறிகள் பெரும் பங்கு. மாணவர்கள் பலர் அதையும் “வாங்கிய உதவி” என்றே நினைத்திருந்தார்கள்.

பின்னர் நடந்தது

கைந்நூல் ஏழு வாரம் பிந்தியது. ஆசிரியர் செயலமர்வுக்கு அது இல்லாமல் போனோம். ஒளிநகல் எடுத்த நான்கு தாள்களை வைத்துச் சமாளித்தோம். அச்சிட்ட வரைபடப் பக்கங்கள் வீணாயின. அந்த நட்டத்தைக் குழுவில் இருந்தவர்கள் பகிர்ந்துகொண்டோம்.

புதிய பக்கங்களை அதே பாடசாலையில் அதே வகுப்புக்குக் கொடுத்தோம். இரண்டு மணிநேரம் வகுப்பின் பின்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை பத்து நிமிடத்தில் முடிந்த பாடம் இம்முறை இழுத்தது. பிள்ளைகள் பட்டைகளுக்கும் கோட்டுக்கும் இடையில் ஏன் இடைவெளி என்று கேட்டார்கள். கோதுமை மாவை உதவி என்று எப்படி டொலரில் எண்ணுவது, யார் விலை போடுவது என்று ஒருவன் கேட்டான். அதிகாரி தான் சிறுவனாகப் பாடசாலையில் வரிசையில் நின்று வாங்கிய பிஸ்கட்டைப் பற்றிச் சொன்னார். உள்ளங்கையளவு, கடிக்கப் பல் நோகும். பாதியைச் சட்டைப்பையில் போட்டுத் தங்கைக்குக் கொண்டுபோவாராம். அமெரிக்காவில் மிகுந்த தானியம் அது, நன்கொடைப் பத்தியில் அதற்கும் ஒரு விலை இருந்தது என்றார். வகுப்பு அமைதியாகக் கேட்டது.

முடியும் தறுவாயில் ஒரு மாணவி எழுந்தாள். “சேர், எண்பதுகளில் இவ்வளவு வந்திருக்கிறதே, இதில் எங்கள் பக்கத்துக்கு எவ்வளவு வந்தது?”

எங்களிடம் பதில் இல்லை. நாட்டுக்கு ஒரு தொகை, ஆண்டுக்கு ஒரு தொகை என்றுதான் அந்தத் தரவு இருக்கிறது. துரித மகாவலித் திட்டத்தின் நீர் வடக்குக்கு வந்து சேரவில்லை என்பதை அவளுக்குச் சொல்ல முடிந்தது. சுனாமி உதவியை வடக்கு கிழக்கில் பகிர 2005 ஜூனில் கையெழுத்தான பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையின் முக்கிய பிரிவுகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியதையும் சொல்ல முடிந்தது. எவ்வளவு என்ற கேள்விக்கு எண் சொல்ல முடியவில்லை. இரண்டு நாடுகளை நேர்மையாக ஒப்பிட மூன்று மாதம் பாடுபட்ட எங்களுக்கு, ஒரு நாட்டுக்குள்ளேயே ஒப்பிட வேண்டியிருக்கிறது என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கைந்நூல் வெளிவந்த பின்னும் ஒரு தவறு தங்கிவிட்டது. 2005 கூர்முனையில் தனியார் கொடை சேரவில்லை என்ற குறிப்பு இறுதிப் பிரதியில் விடுபட்டுப் போயிற்று. வேறொரு மாவட்டத்து ஆசிரியர் எழுதிக் கேட்ட பிறகுதான் கண்டோம். ஒட்டுத்தாள் அச்சிட்டு அனுப்பினோம். எல்லாப் பிரதிகளுக்கும் அது போய்ச் சேரவில்லை.

மறுபடி செய்வதானால்

வரைபடத்தைக் கடைசியில் வரைவேன். முதலில் ஒரு தாளில் எழுத வேண்டியது: இந்தக் கணக்கை யார் தொடங்கினார், எந்த ஆண்டில், எதை உதவி என்று எண்ணினார், எதை விட்டார். இரு நாட்டுக்கும் அந்த விடைகள் ஒன்றாக இல்லையென்றால் ஒரே கோட்டுப் படத்தில் இரண்டையும் போட மாட்டேன்.

ஒப்பிடும் நாட்டைத் தெரிவு செய்த விதத்தையும் மாற்றுவேன். கொரியா உலக அரசியலின் முன்னரங்கில் நின்ற நாடு. அதற்குக் கிடைத்த கவனம் இலங்கைக்குக் கிடைத்திருக்க வாய்ப்பே இல்லை. பங்களாதேஷையோ நேபாளத்தையோ எடுத்திருந்தால் மாணவர்களுக்கு இன்னும் நியாயமான கண்ணாடி கிடைத்திருக்கும். ஊர்வாயில் அடிபடும் வசனத்தைச் சரிபார்க்கும் ஆசையில் நான் கொரியாவைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரியை முதல் நாளே அழைத்திருப்பேன். அவரை நாங்கள் மெய்ப்புப் பார்ப்பதற்காகத்தான் சேர்த்தோம். அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் தரவைப் பதிவிறக்குவதற்கு முன் கேட்கப்பட வேண்டியவை.

பரீட்சார்த்த வகுப்பை மட்டும் அப்படியே வைத்திருப்பேன். அந்த விடைத்தாள் வராமல் இருந்திருந்தால் என் வாக்கியம் அச்சேறியிருக்கும்.

இரண்டாம் பதிப்புக்கு ஒன்பதாவது பக்கம் ஒன்று சேர்க்கிறோம். மாணவியின் கேள்வி தலைப்பாக இருக்கும். மாவட்டச் செயலகங்களின் பழைய ஆண்டறிக்கைகளையும் மகாவலித் திட்ட அறிக்கைகளையும் அதிகாரியும் அந்த மாணவியும் இன்னும் மூன்று பிள்ளைகளும் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இதுவரை 1979 முதல் 1984 வரை முடித்திருக்கிறார்கள்.